சாம்பிள் பிரமாதம், சரி. 500-உம் அப்படியே வருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: நீங்களே வரைந்த படத்தை நெஞ்சில் அச்சிட்டு, ஐந்து நிறங்களில் நிறத்துக்கு 100 வீதம் 500 வட்டக்கழுத்து டிஷர்ட் தைக்கத் திருப்பூரில் ஒரு யூனிட்டைப் பிடித்திருக்கிறீர்கள். ஒரு சாம்பிள் வந்தது, நன்றாக இருந்தது. பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். இனி டெலிவரி வரை என்னென்ன வேலை நடக்கும், எத்தனை நாளாகும், பணம் கொடுக்கலாமா என்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: கையில் இருக்கும் இந்த ஒன்றைப் போலவே 500-உம் வருமா? அந்தச் சாம்பிளை எவ்வளவு திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதற்குப் பதில் கிடைக்காது. அதை எந்தத் துணியில் தைத்தீர்கள் என்று யூனிட்டில் கேளுங்கள். "கையிருப்பில் இருந்த துணியில் தைத்தோம்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, முதல் சாம்பிளை எல்லா இடத்திலும் அப்படித்தான் தைப்பார்கள். ஆனால் உங்கள் 500-க்கான துணி இன்னும் பின்னப்படவே இல்லை. அது நூலாக எங்கோ ஒரு குடோனில் கிடக்கிறது. ஆகவே நீங்கள் பார்த்தது தையலையும் அளவையும் மட்டும்தான்.

நான் சொல்லப்போவது பருத்திப் பின்னல் துணிக்கு, குறிப்பாகச் சிங்கிள் ஜெர்சி (டிஷர்ட்டுக்கு வழக்கமான மெல்லிய ஒற்றைப் பின்னல்) டிஷர்ட்டுக்குப் பொருந்தும். நெய்த துணியில் தைக்கும் சட்டைக்குச் சுருக்கம், கட்டிங், தையல் எல்லாமே வேறு கணக்கு. லைக்ரா கலந்த துணிக்கும் ஹூடிக்கான ஃப்ளீசுக்கும் கீழே வரும் எண்கள் மாறும்.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒரே ஆடைக்கு ஐந்தாறு சாம்பிள் போகும். தோற்றத்துக்கு ஒன்று, அளவுக்கு ஃபிட் சாம்பிள், எல்லா சைஸும் சேர்ந்த சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய பிபி சாம்பிள், லைனில் இருந்து முதலில் இறங்கும் உருப்படிகளில் எடுக்கும் டாப் சாம்பிள். 500 பீஸுக்கு அத்தனை கேட்டால் யூனிட்காரர் சிரிப்பார். ஆனால் மூன்றை விடாதீர்கள். ஒன்று, ஃபிட் சாம்பிள்; துணி, நிறம் எதுவானாலும் பரவாயில்லை, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) மட்டும் நெருங்கி இருக்க வேண்டும். இரண்டு, சிறிய சைஸிலும் பெரிய சைஸிலும் ஒவ்வொன்று. மீடியத்தில் அழகாக விழுந்த தோள், டபுள் எக்ஸ்எல்லில் முழங்கை வரை தொங்குவது அடிக்கடி நடப்பது, காரணம் கிரேடிங்கில் (ஒரு சைஸின் பேட்டர்னை மற்ற சைஸ்களுக்குக் கூட்டிக் குறைப்பதில்) தோளையும் நெஞ்சளவுக்கு ஈடாக ஏற்றிவிடுவது. நெஞ்சு சைஸுக்கு 5 செ.மீ. கூடினால் தோள் ஒன்றரை, இரண்டு செ.மீ. கூடினால் போதும். மூன்று, பிபி சாம்பிள்: உங்கள் துணி, உங்கள் நிறம், உங்கள் பிரிண்ட், உங்கள் லேபிள், உற்பத்தியில் ஓடப்போகிற அதே நூல். உங்கள் கையெழுத்து இதில்தான் விழ வேண்டும். இரண்டு பீஸ் தைக்கச் சொல்லி, இரண்டிலும் அட்டை கட்டித் தேதி போட்டு, ஒன்றை யூனிட்டிலும் ஒன்றை உங்களிடமும் வையுங்கள். பின்னால் தகராறு வந்தால் வாட்ஸ்அப் மெசேஜை விட இந்த அட்டை கட்டிய பீஸ்தான் பேசும்.

ஃபிட் சாம்பிளுக்குப் போகுமுன் அளவுத்தாள் எழுதுங்கள். "ரெகுலர் ஃபிட், லார்ஜ்" என்று எழுதினால் ஒவ்வொரு கட்டிங் மாஸ்டரும் ஒவ்வொரு விதமாக வெட்டுவார். எங்கிருந்து எங்கே என்று எழுத வேண்டும்: உயரம், கழுத்தை ஒட்டிய தோளின் உச்சியில் இருந்து அடிமடிப்பு வரை; அரை நெஞ்சு, அக்குளுக்கு 2 செ.மீ. கீழே, பக்கத் தையலில் இருந்து பக்கத் தையல் வரை, துணியை இழுக்காமல். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு விலகலாம் என்பதையும் போடுங்கள். அரை நெஞ்சுக்கும் உயரத்துக்கும் 1 செ.மீ. கூடக் குறைய, கழுத்துக்கும் கைவாய்க்கும் அரை செ.மீ. என்பது நியாயமான வரம்பு. பின்னல் துணியில் இதைவிட இறுக்கிக் கேட்டால் சரி என்பார்கள், செய்ய முடியாது. கழுத்தில் இன்னொரு சோதனையும் உண்டு: ரிப்பை (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பின்னல் பட்டையை) முழுசாக இழுத்துப் பிடித்தால் சுற்றளவு 60 செ.மீ.க்குக் குறையக்கூடாது, இல்லாவிட்டால் தலை நுழையும்போது தையல் தெறிக்கும். ரிப்பைக் கழுத்து வெட்டின் சுற்றளவைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைவாக வெட்டி, இழுத்து ஏற்றுவார்கள். நீளம் கூடினால் கழுத்து அலையலையாக நிற்கும், குறைந்தால் சுருங்கி நெரியும்.

இனி துணி. அடிப்படை டிஷர்ட்டின் அடக்க விலையில் பாதிக்கு மேல் துணிதான், கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான், அதனால் இதற்கே அதிக இடம் தருகிறேன். "180 ஜிஎஸ்எம் காட்டன்" என்று மட்டும் சொல்வது பாதிப் பேச்சு. எந்த நம்பர் நூல், கோம்டா கார்டடா என்று கேளுங்கள். 30-ஆம் நம்பர் நூலில் (நம்பர் கூடினால் நூல் மெல்லியது) சிங்கிள் ஜெர்சி இயல்பாக 150 ஜிஎஸ்எம் சுமாருக்கு வரும், 24-ஆம் நம்பரில் 180. கோம்டு நூலில், கார்டடு போலன்றி, குட்டை இழைகளைச் சீவி எடுத்திருப்பார்கள், அதனால் துணி வழவழப்பாக இருக்கும், உருண்டை உருண்டையாக முடி எழுவது குறையும். ஜிஎஸ்எம்மை நீங்களே பார்க்கலாம். வட்டமாக வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர் சரியாக 100 சதுர செ.மீ. துண்டு எடுக்கும், அது 1.8 கிராம் இருந்தால் 180. கட்டர் இல்லையென்றால் 10 செ.மீ. சதுரமாக அட்டை வைத்து வெட்டி நகைத் தராசில் போடுங்கள், ஏறக்குறைய அதே விடைதான். ஓரத்தில் இரண்டு, நடுவில் ஒன்று என்று மூன்று இடத்தில் வெட்டுங்கள்.

ஒரு டிஷர்ட்டுக்கு எவ்வளவு துணி? லார்ஜ் சைஸில் உயரம் 72, கை 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆகமொத்தம் 104 செ.மீ. அரை நெஞ்சு 54, தையலுக்கு 4, ஆக 58. இரண்டையும் பெருக்கி முன்னும் பின்னுமாக இரட்டித்தால் 12,064 சதுர செ.மீ. அதாவது 1.2 சதுர மீட்டர். 180 ஜிஎஸ்எம்மில் 217 கிராம். ரோல் முனை, ஓட்டை, வெட்டுக் கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 240 கிராம், கழுத்து ரிப் ஏழெட்டு கிராம் தனி. கிலோவுக்கு நாலு டிஷர்ட் என்ற வாய்க்கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. யாராவது 180 ஜிஎஸ்எம்மில் கிலோவுக்கு ஆறு பீஸ் எடுப்பேன் என்றால், ஜிஎஸ்எம் 180 இல்லை, அல்லது டிஷர்ட் லார்ஜ் இல்லை.

இந்தக் கணக்கை உங்கள் ஐந்து நிறத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நிறத்துக்கு 100 பீஸ் என்றால் 24 கிலோ துணி. சாயப்பட்டறையின் சாஃப்ட் ஃப்ளோ மிஷின்கள் 100, 250, 500 கிலோ என்று பெரிய கொள்ளளவில் இருக்கின்றன. 25, 50 கிலோ மிஷின்கள் சில பட்டறைகளில் உண்டு. பெரிய மிஷினில் 24 கிலோ போட்டாலும் ஆவியும் ஆளும் நேரமும் ஏறக்குறைய அதேதான், ஆகவே குறைந்தபட்சக் கட்டணம் போடுவார்கள். "நிறத்துக்கு 400 பீஸுக்குக் குறையாமல்" என்று யூனிட்காரர் சொல்வது அகம்பாவம் இல்லை, 100 கிலோ மிஷினை நாலால் பெருக்கிய கணக்கு. திருப்பூரில் சாயச் செலவு கூடியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறித்தான் திரும்பத் திறக்க முடிந்தது. தண்ணீரைப் பிரித்து, உப்பைக் காய்ச்சி எடுக்கும் அந்தச் செலவு ஒவ்வொரு கிலோ துணியிலும் ஏறியிருக்கிறது. அதை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை.

எனவே இந்த அளவு ஆர்டருக்கு இரண்டு வழிதான். ஐந்து நிறத்தை இரண்டாகக் குறைத்து நிறத்துக்கு 250 போடுங்கள், 60 கிலோ என்றால் பட்டறை தேடுவது எளிது. இல்லையென்றால், சாயமிட்டு முடித்துக் கிலோ கணக்கில் விற்கும் ரெடி துணியில் போங்கள். கறுப்பு, வெள்ளை, நேவி, கிரே மெலாஞ் எப்போதும் கிடைக்கும். (மெலாஞ் துணிக்குச் சாயமே ஏற்றுவதில்லை, நூற்கும்போதே கறுப்பு இழையைக் கலந்துவிடுவார்கள்.) ரெடி துணியில் ஒரு தொல்லை: அதே ஷேடு அடுத்த மாதம் கிடைக்காது. உடல் துணி முழுவதும், கழுத்து ரிப்பும், ஒரே லாட்டில் (ஒன்றாகச் சாயமேற்றிய துணியில்), ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். புதிதாகச் சாயமிட்டாலும் இதே விதிதான், ரிப் அதே மிஷினில் அதே தண்ணீரில் உடல் துணியோடு சேர்ந்து வேக வேண்டும். கழுத்து மட்டும் அரை ஷேடு தள்ளி நிற்கும் டிஷர்ட்டுகளைப் பார்த்திருப்பீர்கள், அவற்றில் ரிப் தனியாகச் சாயத்துக்குப் போயிருக்கும்.

சொந்த நிறம் என்றால் முதலில் லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் சாயம் ஏற்றிப் பார்ப்பது. உங்கள் பான்டோன் (நிற அட்டை) எண்ணுக்குக் கைக்குட்டையளவு துண்டுகளில் ஏ, பி, சி என்று மூன்று ஷேடு வரும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, கடை டியூப்லைட்டில் ஒருமுறை பாருங்கள். ஒரு வெளிச்சத்தில் பொருந்தி இன்னொன்றில் விலகும் சாயக்கலவை உண்டு. போன் படத்தை வைத்து ஓகே சொல்லாதீர்கள். லேப் டிப் அச்சு அசலாக இருந்தாலும் மிஷினில் வரும் நிறம் கொஞ்சம் தள்ளிப் போகும், எந்தப் பட்டறையும் இதற்கு முழு உத்தரவாதம் தர முடியாது. எந்தப் பக்கம் தள்ளினால் ஏற்பீர்கள், அடர்த்தியாகவா வெளிறியா என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பது பயன் தரும்.

சுருக்கத்தை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பின்னல் துணியை ஈரத்தோடு அகலவாக்கில் இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும், அடுத்த துவைப்பில் பழைய இடத்துக்குத் திரும்பும். காம்பாக்டிங் மிஷினில் துணியை நீளவாக்கில் நெருக்கித் திணித்து முன்கூட்டியே சுருக்கி விடுவார்கள். சரியாகச் செய்தால் துணியின் மீட்டர் குறையும், ஜிஎஸ்எம் ஏறும். இதில் கை வைக்கும் ஆசை வருவது ஏன் என்று பாருங்கள். துணியை வாங்குவது எடைக்கு, வெட்டுவது பரப்புக்கு. கொஞ்சம் இழுத்து விட்டால் அதே கிலோவில் கூடுதலாகச் சில டிஷர்ட் கிடைக்கும். பீஸுக்கு இவ்வளவு என்று பேசியவருக்கு அது லாபம், மூன்றாவது துவைப்பில் தொப்புள் தெரிகிறது என்று போன் வருவது உங்களுக்கு. சோதிப்பது சுலபம்: பைனல் துணியில் ஓரத்தை விட்டு நடுவில் 50 செ.மீ. சதுரம் வரைந்து, மூலைகளில் நூல் தைத்து அடையாளம் வைத்து, வீட்டு வாஷிங் மிஷினில் மூன்று தடவை துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் கிடையாகக் காயவைத்து அளந்து பாருங்கள். 50 என்பது 47.5 ஆனால் 5 சதவீதச் சுருக்கம். சிங்கிள் ஜெர்சியில் அதுவரை ஏற்கலாம். 8 சதவீதம் வந்தால் 72 செ.மீ. உயரம் 66-க்கு இறங்கும் என்று அர்த்தம். "பேட்டர்னில் சேர்த்து வெட்டிக்கொள்கிறோம்" என்பார்கள். 5 சதவீதத்துக்கு அது செல்லும், 8-க்கு அது மழுப்பல், துணியைத் திரும்பக் காம்பாக்டிங்குக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அதே துவைப்பில் முறுக்கலையும் பார்த்துவிடலாம். பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறதே, அதுதான். நூலின் முறுக்கு விடுபடப் பார்ப்பதாலும், வட்டப் பின்னல் மிஷின் துணியைச் சுருள் ஏணி போல ஏற்றுவதாலும் வருவது. தைப்பவர் மேல் பழி போட முடியாது. 72 செ.மீ. உயரத்தில் தையல் 3.6 செ.மீ. நகர்ந்தால் 5 சதவீதம், அதற்கு மேல் கண்ணில் உறுத்தும். அப்படியே ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, அடர் நிறத்தின் மேல் பத்துத் தடவை தேயுங்கள். இலேசாக ஒட்டுவது இயல்பு, அழுத்தமாக ஒட்டினால் சாயத்துக்குப் பிந்திய சோப்பு வாஷ் சரியாக நடக்கவில்லை. பயோவாஷ் (நொதி கலந்த தண்ணீரில் அலசுவது) கேட்டால் மேல் முடியை நொதி தின்றுவிடும், துணி மினுமினுக்கும். எடை இரண்டு மூன்று சதவீதம் குறையும், அளவு மீறினால் துணி பலமிழந்து ஓட்டை விழும். ஆகவே ஜிஎஸ்எம்மைப் பயோவாஷுக்குப் பிறகு எடுங்கள்.

பிரிண்டுக்கு ஸ்ட்ரைக் ஆஃப் (சோதனை அச்சு) கேளுங்கள், அதுவும் உங்கள் நிறத் துணியின் மேல். பிளாஸ்டிசால் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக்) மையென்றால் மை முழுக்க 160 டிகிரியைத் தொட வேண்டும். மேலே காய்ந்து உள்ளே வேகாமல் இருந்தால் இழுத்தவுடன் வெடிக்கும், துவைத்தால் உரியும். அடர் நிறத்துக்கு அடியில் வெள்ளைப் பூச்சு ஒன்று போகும், அதற்கும் ஒரு ஸ்கிரீன் காசு. டிஸ்சார்ஜ் பிரிண்ட் (துணியின் சாயத்தை வெளுத்து அந்த இடத்தில் அச்சிடுவது) கேட்பதாக இருந்தால் சாயம் ஏற்றுமுன்பே சொல்ல வேண்டும்; எல்லாச் சாயமும் டிஸ்சார்ஜில் வெளுக்காது, டர்க்காய்ஸ் (நீலப்பச்சை) குடும்பம் முரண்டு பிடிக்கும். பலருக்குத் தெரியாத ஒன்று: வெட்டிய முன்துண்டில் அச்சிட்டு, சூடான டிரையரில் விடும்போது அந்தத் துண்டு மட்டும் கொஞ்சம் சுருங்கிவிடும், பின்துண்டு அப்படியே இருக்கும். தைப்பவர் முன்துண்டை இழுத்துப் பின்னோடு சேர்ப்பார், பக்கத் தையல் கோணிக்கொள்ளும். துணி நன்றாகச் சுருக்கம் வாங்கியிருந்தால் இது கண்ணில் படாது. பிரிண்டுக்கு முன் வெறும் துண்டை ஒருமுறை டிரையரில் ஓட்டி எடுக்கும் இடங்களும் உண்டு. படத்தின் அளவு விஷயத்தில் நீங்களே முடிவெடுங்கள்: ஒரே ஸ்கிரீன் என்றால் ஸ்மாலில் படம் அக்குள் வரை பரவும், எக்ஸ்எல்லில் ஸ்டாம்பு மாதிரி நிற்கும்.

கட்டிங்கில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: துணியை எத்தனை மணி நேரம் ஆறப்போட்டீர்கள்? ரோலில் சுற்றியிருந்த துணி இழுபட்டிருக்கும்; விரித்துப் போட்டு 12 முதல் 24 மணி நேரம் விட்டால் தானாகத் தளரும். அவசரத்தில் ரோலில் இருந்து நேரே லே போட்டால் (வெட்டுவதற்கு அடுக்கடுக்காக விரித்தால்), வெட்டியபின் துண்டு தளர்ந்து மேஜையிலேயே அளவு குறையும். சைஸ் விகிதம் 1, 2, 2, 1 என்று வைத்தால் ஒரு மார்க்கரில் (வெட்டுக் கோடுகள் வரைந்த தாளில்) ஆறு டிஷர்ட் அடங்கும், 180 செ.மீ. அகலத் துணியில் ஏறத்தாழ 4 மீட்டர் நீளம். நிறத்துக்கு 17 அடுக்கு, ஐந்து நிறத்துக்கு 85 அடுக்கு, மொத்தம் 510 பீஸ். எல்லா நிறத்துக்கும் அகலம் ஒன்றாக இருந்தால் ஒரே லேயில் முடிந்துவிடும் வேலை இது. அடுக்கு எண்ணைச் சிறு ஸ்டிக்கரில் போட்டு ஒவ்வொரு துண்டிலும் ஒட்டச் சொல்லுங்கள். 14-ஆம் அடுக்கின் முன்துண்டு 14-ஆம் அடுக்கின் பின்துண்டோடும் கையோடும்தான் சேர வேண்டும். ஒரே லாட்டிலும் ரோலுக்கு ரோல் ஷேடு நூலிழை மாறும், ஸ்டிக்கர் இல்லாவிட்டால் உடல் ஒரு நீலம், கை ஒரு நீலம். பிரிண்டில் கெடும் துண்டுகளுக்கு மாற்று வெட்ட மிச்ச ரோலை வைத்திருக்க வேண்டும், அதைக் கழிவு வியாபாரிக்கு அன்றே போட்டுவிடக் கூடாது.

தையலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஊரின் பலமே அதுதான். சாம்பிளை ஒரு கைதேர்ந்த டைலர் தொடக்கம் முதல் கடைசி வரை தானே தைத்திருப்பார். உற்பத்தியில் தோள் ஒருவர், ரிப் ஒருவர், கை ஏற்றுவது ஒருவர், பக்கம் ஒருவர், பேட்லாக் (ஃப்ளாட்லாக்) மிஷினில் அடிமடிப்பு ஒருவர். முதல் இருபது முப்பது பீஸ் தடுமாறும். அந்த முதல் கட்டு இறங்கும்போது நேரில் இருக்க முடிந்தால் இருங்கள், பஸ் காசு வீண் போகாது. பார்க்க வேண்டியவை: தோளில் டேப் வைத்துத் தைத்திருக்கிறதா (இல்லையென்றால் உடுத்த உடுத்தத் தோள் தொங்கும்), அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழுகிறதா, அடிமடிப்பை இழுத்தால் நூல் அறுகிறதா, தையல் ஓரமாகக் குண்டூசி குத்தினது போலப் பொடி ஓட்டை தெரிகிறதா. கடைசியாகச் சொன்னது ஊசிக் குற்றம். முனை மழுங்கிய பால் பாயின்ட் ஊசிக்குப் பதில் கூர் ஊசியோ தேய்ந்த ஊசியோ ஓடினால் இழையை அறுத்துக்கொண்டு போகும். தைத்த அன்று கண்ணுக்குத் தெரியாது, இரண்டாம் துவைப்பில் ஓட்டை பெரிதாகும்.

பிசிறு வெட்டி, செக்கிங் முடிந்து, அயர்ன் போட்ட பின் மொத்தத்தையும் எப்படி ஏற்பது? ஏற்றுமதியில் ஏக்யூஎல் அட்டவணை (எத்தனை பீஸ் சோதிப்பது, எத்தனை குற்றம் வரை ஏற்பது என்ற கணக்கு) பார்ப்பார்கள். 281 முதல் 500 வரையான லாட்டில் 50 பீஸ் எடுத்து, பெரிய குற்றத்துக்கு 2.5 என்ற வரம்பில் 3 வரை இருந்தால் பாஸ், 4 வந்தால் லாட் திரும்பும். சிறு குற்றத்துக்கு 4.0 என்ற வரம்பில் 5 வரை பாஸ். 500-க்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேர் ஒரு நாள் உட்கார்ந்தால் 500-ஐயும் புரட்டிவிடலாம், உங்கள் பெயரில் போகும் சரக்கு அது. ஆனால் எது பெரிய குற்றம் என்பதை முன்பே எழுதி வையுங்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஷேடு மாற்றம், அளவு வரம்பு மீறல், பிரிண்ட் கோணல் ஆகியவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள். உள்பக்கம் தொங்கும் ஒரு நூலுக்காகச் சண்டை போட்டால் அடுத்த ஆர்டருக்குப் போனை எடுக்க மாட்டார்கள்.

நாள் கணக்கு: சொந்தச் சாயம் என்றால் லேப் டிப் ஒரு வாரம், பின்னல் மூன்று நாள், சாயமும் காம்பாக்டிங்கும் ஒரு வாரம் பத்து நாள், பிபி சாம்பிள் தைத்துக் கூரியரில் வந்து நீங்கள் ஓகே சொல்ல ஒரு வாரம், அப்புறம் கட்டிங், பிரிண்ட், தையல், பேக்கிங் பத்துப் பன்னிரண்டு நாள். ஆக மொத்தம் ஐந்தாறு வாரம். ரெடி துணி என்றால் மூன்று வாரத்துக்குள் முடியும். இவை வழக்கமான நாட்கள், சத்தியம் பண்ண முடியாது. தையல் வேலை மூன்று நாள்தான், காத்திருப்புதான் மீதி எல்லாம். பெரிய ஆர்டர் உள்ளே வந்தால் உங்கள் 500 பீஸ் ஓரமாக நகரும். தீபாவளி, பொங்கலை ஒட்டி டெலிவரி தேதி வைக்காதீர்கள், ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி லைன் நிரம்பப் பத்து நாளாவது ஆகும். விலையைப் பற்றி நான் எண் எதுவும் சொல்லவில்லை, நூல் விலை மாறிக்கொண்டே இருக்கும். கொட்டேஷனில் துணி, சாயம், பிரிண்ட், தையல் என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். முழுத் தொகையாக வந்தால் எங்கே குறைத்தார்கள் என்று தெரியாது.

முன்பணம் கேட்பது நியாயம், நூலும் துணியும் ரொக்கத்தில் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் பாதியை ஒரே மூச்சில் கொடுப்பதை விட, துணிக்கான தொகையை இப்போதும், அடுத்த தவணையைப் பிபி சாம்பிள் ஓகே ஆன பிறகும், மீதியைச் சரக்கைப் பார்த்து ஏற்றும்போதும் என்று மூன்றாக உடைத்துக் கேட்டுப் பாருங்கள், பலர் ஒப்புக்கொள்வார்கள். 500-க்கு 485 வந்தாலும் 515 வந்தாலும் அந்த எண்ணிக்கைக்கே பணம் என்பது வழக்கம், மூன்று சதவீதம் மேலே கீழே என்று எழுதிக்கொள்ளுங்கள். பேட்டர்ன் அட்டையும் ஸ்கிரீனும் உங்கள் காசில் செய்தவை என்றால் உங்களுடையவை, யூனிட் மாறும்போது கேட்டு வாங்கலாம். கழித்த செகண்ட்ஸ் பீஸ்களை யூனிட்காரர் விற்றுக்கொள்வதாக இருந்தால், கழுத்து லேபிளை வெட்டிய பிறகே வெளியே விட வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் லேபிளோடு ஓட்டை டிஷர்ட் திருப்பூரின் மலிவு ஆடைச் சந்தையான காதர்பேட்டை நடைபாதையில் பாதி விலைக்குத் தொங்கும்.